கூடை திரும்ப வரணும்

எங்கள் மருத்துவமனையில் என்னைக் கொஞ்சம் பயத்தோடுதான் பார்ப்பார்கள். காத்திருப்பு வீட்டுக்கு நான்தான் பொறுப்பு. அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் பெண்கள் தங்குகிற நீளமான ஓட்டு வீடு அது. முப்பத்தெட்டுக் கட்டில் இருக்கிறது, மலையில் சண்டை மூண்டால் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். யார் தண்ணீர் குடிக்காமல் ஏமாற்றுகிறாள், யார் சிறுநீர்க் குழாயை மடக்கிப் படுத்திருக்கிறாள், யார் சமையலறைப் பக்கம் போய் விறகு தூக்குகிறாள், எல்லாம் என் கண்ணில் பட்டுவிடும். பட்டால் கத்துவேன். நிசிமிரே கத்தினால் கிவு ஏரிக்கு அக்கரையில் நாய் குரைக்கும் என்று பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அப்படிக் கத்திக் கத்தித்தான் இந்தப் பதினோரு வருடத்தில் எத்தனையோ பேரை உலர்ந்த துணியோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

உலர்ந்த துணி என்று ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே வருகிறவர்களுக்கு அதுதான் கனவு. பிரசவ வலி எடுத்தவளைக் கட்டிலில் வைத்துத் தூக்கி வருகிற பாதையைத் துப்பாக்கிக்காரர்கள் மறித்தால், அவள் மூன்று நாள், நான்கு நாள் வலியில் கிடப்பாள். பிள்ளை உள்ளேயே இறந்துவிடும். அவள் பிழைத்தாலும் சிறுநீர்ப் பையில் ஓட்டை விழுந்திருக்கும். அதற்கப்புறம் சிறுநீர் நிற்காது, இரவும் பகலும் ஒழுகும். துப்பாக்கிக்காரர்கள் கையாலேயே இந்த நிலைக்கு வந்தவர்களும் உண்டு. யாருக்கு எது நடந்தது என்று நாங்கள் கேட்பதில்லை, அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம். நானும் அப்படி வந்தவள்தான். என் கதை இங்கே வேண்டாம், இது நம்வேசியின் கதை.

நம்வேசிக்கு ஊர் மலைக்குப் பின்னால், இரண்டு நாள் நடை. தலைப்பிரசவத்தில் அவளுக்கு அப்படி ஆனது. புருஷன் முருலா நல்லவன்தான், ஆனால் அவனைப் பெற்றவள் மருமகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள முடியாது என்று நின்றாள். வாழைத் தோப்புக்குப் பின்னால் ஒரு சின்னக் குடிசை போட்டுக் கொடுத்தார்கள். அதில் ஆறு வருடம் இருந்தாள். அந்த ஆறு வருடத்தில் எங்களிடம் இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் தையல் பிடிக்காமல் திரும்பிப் போனாள்.

மூன்றாம் முறை வந்தபோது டாக்டர் முஷகலூசா அவளைப் பரிசோதித்துவிட்டு வெளியே வந்து, கையைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"இதுக்கு மேல தைக்கறதுக்கு அங்க சதை இல்ல நிசிமிரே. இந்தத் தடவை பிடிச்சா பிடிச்சுது. இல்லன்னா நான் கை வைக்க மாட்டேன்."

அவளிடமும் அதை மறைக்காமல் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். அன்று சாயங்காலம் என்னிடம் வந்து உட்கார்ந்து, தனக்குப் பெரிய ஆசையெல்லாம் ஒன்றும் இல்லை, வீட்டுக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் படுக்க வேண்டும், எல்லோரும் கை வைக்கிற தட்டில் தானும் கை வைத்துச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் என்றாள். பதிலுக்கு நான், தண்ணீர் குடித்தாயா இல்லையா என்று அதட்டினேன்.

என் அதட்டலுக்கு அடங்காதவள் அவள் ஒருத்திதான். நான் அந்தப் பக்கம் போனதும் இடுப்பில் கை வைத்து, மூக்கை விடைத்து, அப்படியே என்னைப் போலக் கத்திக் காட்டுவாளாம். ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா என் குரல் இன்னும் கொஞ்சம் கட்டை" என்றேன். வீடே சிரித்தது. அன்றிலிருந்து அவள்மேல் எனக்குத் தனிப் பிரியம் விழுந்துவிட்டது. காத்திருப்பு வீட்டைப் பார்த்துக்கொள்கிறவளுக்குத் தனிப் பிரியம் கூடாது. தெரியும், ஆனால் விழுந்துவிட்டது.

எங்கள் வீட்டில் தினமும் காலையில் ஒரு விதியை எல்லோரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆறு மாதம் நெற்றிப் பட்டையைத் தொடக் கூடாது. எங்கள் பெண்கள் சுமையை முதுகில் வைத்து, அதைச் சுற்றி வரும் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு குனிந்து நடப்பார்கள். மாவு, விறகு, தண்ணீர், வீடு கட்டுகிற கல், எல்லாம் அப்படித்தான் போகும். தன் எடைக்கு மேல் தூக்குகிறவள் கெட்டிக்காரி. வெறும் முதுகோடு நடக்கிறவளைப் பார்த்தால் இவளுக்கு வீடு இல்லையா என்று கேட்பார்கள். உள்ளே போட்ட தையலுக்கு அந்தச் சுமைதான் எமன். ஆகவே கத்துவேன். "பட்டையைத் தொட்டா?" என்று நான் கேட்க, "தையல் போச்சு" என்று முப்பத்தெட்டுப் பேரும் சொல்ல வேண்டும். நம்வேசி எல்லோரையும்விடச் சத்தமாகச் சொல்வாள்.

அறுவை முடிந்து பதினான்கு நாள் குழாயோடு கிடந்தாள். பதினைந்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். முற்றத்துப் பலகையில் வந்து உட்கார்ந்தாள். நாங்கள் யாரும் அவளைப் பார்க்காதது போல மரவள்ளிக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். நெடுநேரம் ஆயிற்று. மெதுவாக எழுந்து, திரும்பி, பலகையைப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். பலகை காய்ந்திருந்தது. அவள் மறுபடியும் உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து பார்த்தாள். நான்காவது முறை எழுந்தபோது யாரோ குலவையிட்டார்கள். எனக்குக் கீரை எது காம்பு எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டேன்.

அழைத்துப் போக முருலா வந்தான். அவனை நிற்க வைத்துப் பாடம் நடத்தினேன். ஆறு மாதம் அவள் எதையும் தூக்கக் கூடாது, தண்ணீர்கூட. அப்படியானால் தண்ணீரை நான் தூக்குகிறேன் என்றான். எங்கள் பக்கம் ஆம்பிளை ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்தால் ஊர் கைகொட்டும். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, ஊரே சிரிக்குமே, பரவாயில்லையா என்று சீண்டினேன்.

"ஆறு வருஷமா அவளப் பாத்து சிரிச்சாங்க. இனிமே என்னைப் பாத்து சிரிக்கட்டும்" என்றான்.

அப்படிப்பட்டவன்.

குணமாகி வீட்டுக்குப் போகிறவளை நாங்கள் வெறுங்கையோடு அனுப்ப மாட்டோம். மாவு, உப்பு, நாலு கட்டி சோப்பு, இடுப்பில் சுற்றிக் கட்ட ஒரு புதுக் கிட்டெங்கே துணி. எப்போதும் பிளாஸ்டிக் சாக்கில் போட்டுத்தான் கொடுப்போம். அதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் மலையில் ஒருத்தி கூடையில் ஏதாவது கொடுத்தால் அந்தக் கூடை வெறுமையாகத் திரும்பிப் போகக் கூடாது, வாங்கினவள் தன் வயலில் விளைந்ததை நிரப்பித் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதுவும் அடுத்த அறுவடைக்குள் கொடுக்க வேண்டும். வெறுங்கூடை போனால் உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று அர்த்தம், அறுவடை தாண்டியும் கூடை போகாவிட்டால் அது அதைவிடக் கேவலம். சாக்குக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. சாக்கைக் கிழித்துக் கூரை ஓட்டையில் செருகிவிடலாம். மருத்துவமனை தொடங்கியவர்கள் ஊர் தெரிந்தவர்கள், யோசித்துத்தான் அப்படி வைத்தார்கள்.

அன்று சாக்கும் இருந்தது. இல்லாமல் இல்லை. தீர்ந்துபோய்விட்டது என்று சொன்னால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும், ஆனால் அலமாரியில் அடுக்கடுக்காக இருந்தது. நான்தான் என் அறைக்குப் போய் என் கூடையை எடுத்து வந்தேன். நான் நோயாளியாகக் காத்திருந்த மாதங்களில் முடைந்தது, பெரிய கூடை, மூடியோடு. அதில் மாவையும் சோப்பையும் வைத்து, துணியை மேலே மடித்து, முருலாவின் கையில் கொடுத்தேன். கொடுத்துவிட்டு நம்வேசியைப் பார்த்துச் சொன்னேன்.

"கூடை திரும்ப வரணும், சொல்லிட்டேன். சும்மா வந்துடாதடி."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. பிறகு இடுப்பில் கை வைத்து, மூக்கை விடைத்து, என் குரலிலேயே, "வரும்டி, வரும்" என்றாள். முருலாகூடச் சிரித்தான்.

அவளை மறுபடி பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. போய்விட்டுத் திரும்பி ஒருமுறை வந்து முகத்தைக் காட்டு என்று நேராகச் சொல்ல வாய் வரவில்லை. என் வாய்க்கு அதட்டத்தான் தெரியும், ஆகவே கூடையைச் சொன்னேன். ஆறு மாதம் கழித்து வா என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். அதைக்கூடச் சொல்லவில்லை. தவளை தன் வாயால்தான் கெடும் என்பார்கள், என் வாயால் கெட்டது இன்னொருத்தி.

அதன்பிறகு சனிக்கிழமை தோறும் ஏரிப் பொடிமீன் விற்கிற ஃபைதா செய்தி கொண்டுவருவாள். அவள் வியாபாரத்துக்கு அந்த ஊர்ச் சந்தை வரைக்கும் போய் வருகிறவள். நம்வேசி வீட்டுக்குள்தான் படுக்கிறாள் என்றாள் முதல் மாதம். மாமியார் ஒரு வாரம் அவள் படுத்த பாயைத் தினமும் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, பிறகு தடவுவதை விட்டுவிட்டாளாம். இரண்டாம் மாதம், தேவாலயத்தில் முன் வரிசையில் உட்கார்ந்து பாடுகிறாள் என்றாள். முருலா தண்ணீர் தூக்குகிறானாம். அவனுக்குத் தண்ணிக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்களாம், அதற்கும் அவன் என்ன என்று திரும்பிப் பார்க்கிறானாம். வீட்டிலிருந்த நெற்றிப் பட்டைகளையெல்லாம் எடுத்து எங்கேயோ ஒளித்துவிட்டானாம். குடிசையைப் பிரித்து அந்த இடத்தில் அவரை விதைத்திருக்கிறார்களாம். நான் கேட்டுக் கேட்டு மகிழ்ந்தேன். வேறு பெண்களிடம் அவளைத்தான் உதாரணம் சொன்னேன். கூடையைப் பற்றி ஃபைதா ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு அது மறந்தே போயிருந்தது.

ஜூனில் மறுபடி சண்டை வந்தது. துப்பாக்கிக்காரர்கள் கண்ணில் பட்ட ஆம்பிளைகளைப் பிடித்துத் தோட்டாப் பெட்டி சுமக்க வைத்தார்கள். போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. ஆண்கள் வீட்டைவிட்டு இறங்கவில்லை, பாதையில் பெண்கள் மட்டும்தான் நடந்தார்கள். ஃபைதாவும் மூன்று சனிக்கிழமை வரவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். வாசல் காவல்காரர் என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் நம்வேசி நிற்கிறாள். நாங்கள் கொடுத்த கிட்டெங்கேயைக் கட்டிக்கொண்டு, குனிந்தபடி நிற்கிறாள். நெற்றியில் பட்டை. முதுகில் என் கூடை, மூடி மூட முடியாமல் அவரைக் கொட்டை நிரம்பி, மேலே வாழை இலை வைத்துக் கட்டியிருக்கிறது.

ஒரு நொடி எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். வந்துவிட்டாளே, கூடையை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டாளே என்று ஒரே ஒரு நொடி பூரித்தேன். அப்புறம்தான் அவள் காலைப் பார்த்தேன். மழை பெய்து நாலு நாளாகியிருந்தது. புழுதிப் பாதையில் அவள் நின்ற இடம் மட்டும் ஈரம்.

"அக்கா, திட்டாதீங்க. முதல்ல கூடைய இறக்கி வாங்கிக்கோங்க" என்றாள்.

இறக்கினேன். இரண்டு கைக்கும் கனத்தது. எப்போது என்று கேட்டேன். கடைசி மலை ஏறும்போதுதான் என்றாள். அதுவரைக்கும் ஒன்றும் இல்லையாம், ஏரி கண்ணுக்குத் தெரிந்த இடத்தில்தான் தொடையில் சூடாக இறங்கியதாம். கூடையை அங்கேயே போட்டிருக்கலாமே என்றேன். அதான் போயிடுச்சே, கூடையாவது உங்ககிட்ட வந்து சேரட்டும்னு நடந்தேன் என்றாள்.

கிணற்றடியில் உட்கார வைத்து, கழுவிவிட்டு, மாற்றுத் துணி கொடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். முருலாதான் சுமந்து வருவதாக இருந்தது. அவரை பறித்து முடித்த வாரம் ஆள் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆறு மாதம் ஆக இன்னும் ஐந்து வாரம் இருந்தது, முடிந்ததும் போகலாம் என்று அவனும் கெஞ்சினான். ஆனால் அதற்குள் அறுவடை தாண்டிவிடும், பாதையும் அடைத்துவிடும். மாமியார்கூட, உன்னைக் குணமாக்கினவளுக்குக் கூடை போகாவிட்டால் இந்த வீட்டுக்கு மூஞ்சி ஏது என்று கேட்டாளாம். பாதிக் கூடை எடுத்துப் போகலாம் என்று நினைத்தாளாம். பாதிக் கூடை என்றால் பாதி மனசு. அதனால் நிரப்பிக்கொண்டு, ஒளித்து வைத்த பட்டையைத் தேடிக் கண்டுபிடித்து, விடிகாலையில் சந்தைக்காரிகளோடு கிளம்பிவிட்டாள்.

"நீங்க கேட்டு நான் குடுக்காம இருக்க முடியுமா அக்கா?"

குறையாகச் சொல்லவில்லை. மனசார, அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் என்னைக் கொன்றது. நான் வாய் நிறைய வைத்திருந்த அத்தனை திட்டும் எனக்கேதான் வந்து சேர வேண்டும் என்று தோன்றியது. முதல் முறையாக ஒருத்தியைத் திட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் மறுநாள் காலை பார்த்தார். நானும் உள்ளே நின்றேன். நெடுநேரம் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். தையல் மொத்தமாகக் கிழிந்துவிட்டது, இனித் தைக்க முடியாது என்றார். எப்படி ஆயிற்று என்று அவளைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "ஓடையில வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர். குடத்தோட."

"குடத்தோடயா?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எளிதில் கோபப்படுகிறவர் இல்லை அவர். ஒருநாளைக்கு எட்டுப் பேருக்கு நின்று நின்று தைக்கிறவர். என் பக்கம் திரும்பினார். "நிசிமிரே, நீங்க இவங்களுக்கு விதிய சொல்லித்தான அனுப்பினீங்க?"

"தினமும் சொன்னேன்" என்றேன்.

பொய் இல்லை. தினமும்தான் சொன்னேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். நம்வேசி கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்து, லேசாகத் தலையை ஆட்டினாள். பேசாதே என்கிறாள். கத்துவதற்கென்றே பிறந்த நான் அன்று அவள் சொன்னபடி கேட்டேன். டாக்டர் அவளுடைய தாளை எடுத்து, நோயாளி விதியை மீறினார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாள் இப்போதும் அலமாரியில் அப்படியேதான் இருக்கிறது. என் பெயர் அதில் எங்கும் இல்லை.

அன்று சாயங்காலம் அந்த அவரையைச் சமைத்தேன். திரும்பி வந்த கூடையிலிருந்து அன்றே எடுத்துச் சமைத்து, கொண்டுவந்தவளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அதுவும் வழக்கம். சிவப்புக் கோடு போட்ட அவரை. ஒரு பூச்சி இல்லை, ஒரு சொத்தை இல்லை, ஒவ்வொன்றாகப் பொறுக்கியிருக்கிறாள். களி கிண்டி, பெரிய தட்டில் கொட்டி, அவள் கையை இழுத்து முதலில் தட்டில் வைத்தேன். நன்றாகச் சாப்பிட்டாள். குடிசை இருந்த இடத்தில் விளைந்தது அக்கா, அதான் இந்த ருசி என்று மற்ற பெண்களிடம் பெருமையடித்தாள். நிஜமாகவே ருசியாகத்தான் இருந்தது. என்னால் மூன்று வாய்க்கு மேல் இறக்க முடியவில்லை.

பாதை அடைத்திருந்ததால் மூன்று வாரம் தங்கினாள். தினமும் காலையில் நான் "பட்டையைத் தொட்டா?" என்று கேட்கும்போது மற்றவர்கள் பதில் சொல்வார்கள், அவள் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். ஒருநாள் அவளிடம், டாக்டரிடம் போய் நடந்ததைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். "உங்கள மாத்திட்டாங்கன்னா இவங்களப் பாத்து யாரு கத்தறது?" என்று கேட்டாள். பிறகு என்னை மாதிரி மூக்கை விடைத்துக் காட்டப் பார்த்தாள், சரியாக வரவில்லை.

வீட்டுக்குள் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டேன். முருலா சேர்த்துக்கொள்வார் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, குடிசை இருந்த இடத்தில் இரண்டாம் போகம் விதைத்திருப்பார்கள், அதைப் பிடுங்க வேண்டியிருக்கும், அதுதான் பாவமாக இருக்கிறது என்றாள்.

பாதை திறந்ததும் ஃபைதா வந்தாள். அவளோடு போகிறேன் என்று நம்வேசி கிளம்பினாள். நான் அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சாக்கை எடுத்து, இரண்டு கட்டி சோப்பும், ஈரத்துக்கு மாற்றிக் கட்டப் பழந்துணியும், கொஞ்சம் உப்பும் போட்டு எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அவள் சாக்கைப் பார்த்தாள். என் கையைப் பிடித்து மெதுவாகத் தள்ளினாள்.

"இந்தத் தடவ எதுவும் குடுக்காதீங்க அக்கா."

"சாக்குதாண்டி. திருப்பித் தர வேண்டாம்."

"தெரியும். இருந்தாலும் வேணாம்."

நான் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஃபைதாவுக்குப் பின்னால் நடந்தாள். ஃபைதா மீன் கூடையோடு குனிந்து போனாள், நம்வேசி நிமிர்ந்து, வெறும் முதுகோடு போனாள். வளைவுக்கு முன்னால் ஃபைதா நின்று மூச்சு வாங்கினாள். நம்வேசி அவள் நெற்றியிலிருந்து பட்டையைக் கழற்றித் தன் நெற்றியில் மாட்டிக்கொண்டு, மீன் கூடையை முதுகில் ஏற்றிக்கொண்டாள். கத்த வாயைத் திறந்துவிட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. இனிமேல் அவளுக்கு எந்த விதியும் இல்லை, எதை வேண்டுமானாலும் தூக்கலாம் என்று அன்று காலைதான் டாக்டர் சொல்லியிருந்தார்.